எதற்கும் உதவாத ஓர் இரும்புத் துண்டு

மெஷின் வாங்கப் போகும் இடத்தில் முதலில் தேநீர் தருவார்கள். குடியுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் "வாங்க, ஓட்டிக் காட்டுறோம்" என்று எழுப்பினால் கொஞ்சம் பொறுங்கள். எவ்வளவு நேரமாக அது ஓடிக்கொண்டிருக்கிறது, எந்த உலோகத்தை வெட்டப்போகிறார்கள், அந்த உலோகத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேளுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நமக்குச் சம்பளம் தருவதே அதற்காகத்தான்.

அளவு பார்க்கும் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று நான் எழுதப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. ஒரு மெஷினைச் சோதிக்கப்போய், நாங்களே சோதனைக்கு ஆளான கதையைச் சொல்கிறேன்.

வடக்கில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்த காலம். மாத்தளையில் ஒரு பட்டறையில் அளவுப் பிரிவுக்கு நான் பொறுப்பு. மிளகு அரைக்கும் மெஷின், தேயிலை ஃபெக்டரிகளுக்கு உதிரிப்பாகம், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புக்கான சாமான் என்று எல்லாம் செய்வோம். முதலாளியை ஊரே ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். நல்ல மனிதர். ஒரே குறை, எதையும் உடனே நம்பிவிடுவார். அதை ஈடுகட்டத்தான் என்னை வைத்திருக்கிறார் என்று பட்டறையில் கேலி பேசுவார்கள்.

ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த கையோடு என் அறைக்கு வந்தார்.

"மிஸ், ஒரு மெஷின் பார்த்திட்டு வந்தேன். கடைசலும் மில்லிங்கும் ஒரே பிடியில செய்யுது. ரெண்டு அலுமாரி வைக்கிற இடம் போதும். காட்சிக்கு வச்சிருந்த மெஷின் என்டு குறைச்சித் தாராங்க. ஒரு கிழமை நம்மட பட்டறையிலயே ஓட்டிப் பார்க்கவாம்."

அவர் ஆசைப்பட்டதில் நியாயம் இருந்தது. அப்போது எங்களிடம் ஒரு சாமான் லேத்தில் கடைந்து, கழற்றி, மில்லிங் மெஷினுக்குப் போய், மறுபடி பிடித்து, துளை போட வேறொரு மெஷினுக்குப் போகும். கழற்றிப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் மையம் கொஞ்சம் விலகும். ஒரே பிடியில் எல்லாம் முடிந்தால் அந்தத் தொல்லை இல்லை. கணினியில் எழுதிக் கொடுத்தால் அதுவே கருவியை மாற்றிக்கொண்டு செய்துவிடும்.

எனக்கு உறுத்தியது அந்த ஒரு கிழமைதான், முழுசாக ஏழு நாள். இவ்வளவு பாரமான மெஷினை லொறியில் ஏற்றி, கண்டி வழியாக மலையேற்றி, வாங்குவானோ மாட்டானோ என்று தெரியாதவன் பட்டறையில் இறக்கிவைக்க யாருக்கு மனசு வரும்? விற்க முடியாமல் தவிப்பவனுக்கு வரும்.

மெஷினோடு ஒரு இளைஞர் வந்தார். பெயர் சமிந்த. ஏஜென்சியின் பொறியியலாளர். சிங்களவர். தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் பேச்சுக்குத் தடையில்லை. சுத்தமான சட்டை, மரியாதையான பேச்சு, கேட்டதற்கெல்லாம் பதில். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கேள்விக்குக் கொஞ்சமாவது தயங்குகிறவரைத்தான் நான் நம்புவேன்.

மெஷினை ஓட்டச் செல்வத்தைப் போட்டோம். எங்கள் பட்டறையிலேயே நிதானமான கை அவருக்கு. ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர், முப்பது வயதைத் தாண்டியவர், ஒரு பெண்பிள்ளைக்கு அப்பா. நான் ஒரு சோதனைத் துண்டுக்குப் படம் வரைந்து கொடுத்தேன். உள்ளங்கையில் அடங்கும் இரும்பு உருளை. நடுவே ஊடுருவும் துளை, ஒரு முனையில் திருகு மரை, பக்கவாட்டில் வரிசையாகச் சிறு துளைகள். அது எந்த மெஷினிலும் பொருந்தாது. அதன் ஒவ்வொரு அங்கமும் மெஷினிடம் கேட்கும் ஒரு கேள்வி. துளை நேராகப் போகிறதா, மரை மையத்தில் இருக்கிறதா, பக்கத்துளைகள் சம தூரத்தில் விழுகின்றனவா. அவ்வளவுதான் அதன் பிறவிப்பயன்.

முதல் துண்டு அழகாக வந்தது. இரண்டாவதும் அப்படியே. மையம் விலகவே இல்லை. அந்த விஷயத்தில் அதைப்போல ஒரு மெஷினை நான் அதுவரை தொட்டதில்லை. ஹாஜியார் துண்டைக் கையில் உருட்டிப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றார். சமிந்த பணிவாகச் சிரித்தார்.

மறுநாள் காலை, ஓட்டத் தொடங்கும் முன், மெஷினின் தலைப்பகுதியில் சும்மா கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

இரவெல்லாம் நின்ற இரும்பு மாத்தளைக் காலையில் சில்லென்று இருக்க வேண்டும். அடுத்த நாளும் கையை வைத்தேன். மறுபடி வெதுவெதுப்பு. வாசல் காவலாளியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "அந்தக் கொழும்புத் தொரை வெள்ளனவே வந்துர்றாருங்க மிஸ். சும்மா ஓட விட்டுட்டுப் பாத்துக்கிட்டு நிப்பாரு" என்றார்.

இரும்பு சூடானால் விரியும்; உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓடத் தொடங்கிய மெஷின் சூடேறும்வரை அளவு நகர்ந்துகொண்டே இருக்கும், பிறகு நிலைக்கும். நல்ல மெஷின் கொஞ்சம் நகரும். கோளாறுள்ளது நிறைய நகரும். முன்கூட்டியே சூடாக்கி வைத்துவிட்டால் அந்த நகர்வை யாரும் பார்க்க முடியாது. சூடாக்கி ஓட்டுவது குற்றமில்லை, எல்லாரும் செய்வதுதான். சொல்லாமல் செய்ததுதான் என்னை உஷாராக்கியது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மெஷினை முழுக்க அணைக்கச் சொன்னேன். பின்னேரம்வரை யாரும் தொடக்கூடாது என்றேன். சமிந்தவின் முகம் மாறியது.

"மிஸ், ஸ்டார்ட் பண்ணினதும் வெட்டக்கூடாது. கொஞ்ச நேரம் வார்ம் அப் கொடுக்கணும்" என்றார்.

"இங்க கரண்ட் என்ன நம்மகிட்ட சொல்லிட்டா போகுது? போனா நிக்கும், வந்தா வெட்டணும். நாளைக்கு இதோட குடும்பம் நடத்தப்போறது நாங்க. எங்க வீட்டு வழக்கத்திலதான் பார்ப்போம்."

குளிர்ந்த மெஷினில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு துண்டுகளைச் செல்வம் வெட்டினார். மொத்த வரிசையில் மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை. மூன்றாவது சுமார். நான்காவது விலகியது. ஐந்தாவதை அளந்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. மைக்ரோமீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். எங்கள் வேலையில் மன்னிக்க முடியாத அளவுக்கு அது பருத்திருந்தது. சமிந்த என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "உங்க அறையில சூடு கூடிப்போச்சு, மிஸ். அளவை நம்ப ஏலாது" என்றார். நான் துண்டுகளுக்குச் சாயத்தில் இலக்கம் போட்டு மேசையில் வரிசையாக வைத்தேன். திங்கட்கிழமை காலை, அறை குளிர்ந்திருக்கும்போது அவர் முன்னாலேயே மறுபடி அளப்பதாகப் பேச்சு.

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் ஐந்தாவதைக் காணோம்.

மோசமான துண்டு, அதுவே காணாமல் போனால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். சமிந்தவைக் கூப்பிட்டு, அஞ்சாவது பீஸ் எங்கே என்று கேட்டேன்.

"நான் எடுத்தேன்னு நினைக்கிறீங்களா?"

"இன்னும் ஒண்ணும் நினைக்கல. கேக்கிறேன்."

அவர் தன் பையை என் மேசைமேல் கவிழ்த்தார். இரண்டு சட்டை, சவரச் சாமான், பாதி தின்ற பிஸ்கட் பக்கற். பிறகு சட்டைப்பையையும் காற்சட்டைப்பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். அவர் காது சிவந்திருந்தது. அப்படிக் காட்டியதாலும் என் சந்தேகம் போகவில்லை. எடுத்தவர் பையிலா வைத்திருப்பார் என்றுதான் மனம் போனது.

அன்று செல்வமும் வேலைக்கு வரவில்லை. சொல்லாமல் நிற்கிறவர் இல்லை. அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஹாஜியாரின் அறையில் தொலைபேசி அடித்தது. சற்றுப் பொறுத்து அவர் வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"மிஸ், செல்வத்தப் பொலிஸில புடிச்சி வச்சீக்காங்க. தம்புள்ளைக்குப் போற வழியில பஸ்ஸ செக் பண்ணேக்குள்ள, பையில ஒரு இரும்புச் சாமான். துவக்கு நுனியில மாட்டுற சாமானாம், சத்தம் வராம சுடுறதுக்கு."

துளை. மரை. பக்கத்தில் வரிசையாகச் சிறு துளைகள். நான் வரைந்த படம்தான் அது.

சனிக்கிழமை பின்னேரமே பிடித்திருக்கிறார்கள். வீட்டில் அவர் மச்சானிடம் போயிருப்பதாக நினைத்திருந்தார்கள். தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் வேலை செய்த மச்சானோ, அவர் வரவில்லை போலும் என்று விட்டுவிட்டார். இரண்டு இரவுகள் ஒரு மனிதன் எங்கே இருக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த வருடங்களில் அப்படிக் காணாமல் போய், தெரியாமலே போனவர்கள் இருந்தார்கள்.

மிச்சத் துண்டுகளையும் மைக்ரோமீட்டரையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். சமிந்தவும் வருகிறேன் என்றார். ஹாஜியார் வேண்டாம் என்றுவிட்டார், கொழும்புக் கம்பெனியை இதில் இழுக்கக்கூடாது என்று. சமிந்தவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாக எனக்குப் பட்டது. மெஷினோடு அவரைத் தனியே விட்டுப்போவதா? மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறினேன். செல்வம் உள்ளே இருக்கும் நேரத்தில்கூட என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

நாலந்தையைத் தாண்டும்போது ஹாஜியாரிடம் கேட்டேன். "ஃபோன்ல அவங்க என்ன கேட்டாங்க? நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சாமான் என்டு கேட்டாங்க. எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல. தண்ணி பம்புக்குப் போடுற சாமான் என்டு சொல்லிப்போட்டேன்."

"அது பம்புக்குப் போடுறது இல்லையே ஹாஜியார்."

"தெரியும் மிஸ். சும்மா செஞ்சது என்டு எப்படிச் சொல்லுற? யாரு நம்புவாங்க?"

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். நாற்பது வயதிருக்கும். கண்ணில் தூக்கம் இல்லாத மனிதர். கத்தவில்லை, மிரட்டவில்லை. மேசைமேல் எங்கள் ஐந்தாவது துண்டு நின்றது, என் கையால் போட்ட இலக்கத்தோடு. எல்லாம் சிங்களத்தில்தான் பேசினோம்.

"உங்க ஆள் சொல்றான், இது பேப்பர் பறக்காம இருக்க மேல வைக்கிறதுன்னு. தம்புள்ளையில மச்சான் வேலை செய்ற கடையில லொறி போற காத்துக்கு பில்லெல்லாம் பறக்குதாம், அதுக்குக் கொண்டு போனானாம். முதலாளி ஃபோன்ல சொல்றார், தண்ணி பம்புக்குன்னு. இப்ப நீங்க சொல்லுங்க மிஸ். இது என்ன?"

ஹாஜியார் என்னைப் பார்த்தார். பம்பு என்று சொல்லிவிடு என்று அந்தப் பார்வை கெஞ்சியது. சொன்னால் இரண்டு பேர் வாய் ஒன்றாகிவிடும். ஆனால் அந்த அதிகாரியின் இடத்தில் நான் இருந்தால் அடுத்து என்ன கேட்பேன்? எந்தப் பம்பு, கொண்டுவந்து மாட்டிக் காட்டு என்பேன். அப்படி ஒரு பம்பு உலகத்திலேயே இல்லை. ஒரே பொருளை மூன்று பேர் அளந்து மூன்று விடை சொன்னால் நானும் அதை ஒதுக்கித்தான் வைப்பேன். அவர் செய்வது என் வேலையைத்தான்.

"சேர், ஹாஜியார் சொன்னது சரியில்லை. பயத்தில சொல்லிட்டார்" என்றேன். பக்கத்தில் ஹாஜியார் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. "செல்வம் சொன்னது உண்மை. அவர் அதுக்குத்தான் எடுத்துட்டுப் போயிருப்பார். ஆனா அதுக்காகச் செஞ்சது இல்லை. ஒரு மெஷினைச் சோதிக்கிறதுக்காக நான் படம் வரைஞ்சு செய்யச் சொன்னது. சோதிச்சு முடிஞ்சா அது குப்பை."

"அப்ப இது எதுக்கு உதவும்?"

"எதுக்கும் உதவாது சேர்."

அவர் துண்டை எடுத்து மரையை நகத்தால் வருடினார். "இவ்வளவு மினக்கெட்டு, எதுக்கும் உதவாத ஒண்ணைச் செஞ்சீங்க."

"மெஷின் மேல சந்தேகம் சேர்."

"மெஷினைக்கூடச் சந்தேகப்படுவீங்களா?"

"அதுதான் என் வேலை."

"என் வேலையும் அதுதான்" என்றார் அவர்.

நான் துணியை அவிழ்த்து மற்றத் துண்டுகளை அவர் மேசையில் வரிசையாக நிறுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு. நடுவில் அந்த ஐந்தாவதையும் வைத்து, மைக்ரோமீட்டரை அவர் பக்கம் தள்ளினேன். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு, நீங்களே பாருங்கள், உண்மையில் எதற்காவது பொருத்த நினைத்தவர் இப்படிச் செய்வாரா என்று விளக்கத் தொடங்கினேன். கெட்டிக்காரத்தனமாகத்தான் எனக்குப் பட்டது.

அவர் மைக்ரோமீட்டரைத் தொடவே இல்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மிஸ், காலையில என்கிட்ட இதுல ஒண்ணுதான் இருந்திச்சு. இப்ப ஆறு இருக்கு. செஞ்சது நான்தான்னு ஒரு ஆளும் வந்திருக்கீங்க."

பிள்ளைகளே, அந்த நொடியை மறந்துவிடாதீர்கள். நமக்குச் சாதகம் என்று நினைத்து நாம் நீட்டும் ஆதாரம், எதிரே இருப்பவர் ஏற்கெனவே என்ன நினைத்திருக்கிறாரோ அதைத்தான் பலப்படுத்தும். துண்டுகள் அளவில் மாறுகின்றன என்பது எனக்குச் சாட்சி. அவருக்கு, சரியாக வரும்வரை முயன்றிருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. ஹாஜியார் உதட்டுக்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தார். இதற்குமேல் எதையும் சேர்க்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ, ஒரு கான்ஸ்டபிள் கதவைத் தட்டி, மாத்தளையிலிருந்து இன்னொருவர் த்ரீவீலரில் வந்திருக்கிறார் என்றார். சமிந்த உள்ளே வந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எங்களை முடித்துவிடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "நான் மெஷின் விற்க வந்தவன், இவங்க இதுல என்ன செய்றாங்கன்னு எனக்குத் தெரியாது" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் தப்பித்துக்கொள்வார், சோதனையும் அதோடு நின்றுவிடும், மெஷினின் கோளாறும் வெளியே வராது. அவரை அன்று காலைதான் திருடன்போல் நிற்கவைத்திருந்தேன்.

அதிகாரி அவர் ஊரைக் கேட்டார், படித்த இடத்தைக் கேட்டார், அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு மேசையைக் காட்டி, "இது என்ன சாமான்?" என்றார்.

சமிந்த தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து அந்த ஆறு துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பளபளவென்று, செஸ் விளையாட்டில் மூலையில் நிற்குமே கோட்டை, அது. உச்சியில் பல்வரிசை, பக்கத்தில் சின்ன ஜன்னல், உள்ளே சுழன்று இறங்கும் படிக்கட்டுகூட இருந்தது.

"சேர், இது எங்க கம்பெனி செய்றது. கொழும்புல வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவோம். மெஷினோட வந்த பெட்டியில இருந்திச்சு. இதுவும் எதுக்கும் உதவாது. எங்க மெஷின் கெட்டிக்கார மெஷின்னு தெரியணும், அதுக்காக நாங்க இதைச் செய்றோம். அதோட குறை தெரியணும், அதுக்காக மிஸ் அதைச் செய்றாங்க. மெஷின் வாங்குற எல்லாரும் இப்படி ஒண்ணு செய்வாங்க. வடிவம்தான் வேற வேற."

அதிகாரி கோட்டையை எடுத்து ஜன்னலுக்குள் பார்த்தார். "சரி. குறை தெரிஞ்சுதா?"

சமிந்த உடனே பதில் சொல்லவில்லை. அவரைச் சந்தித்த நாளிலிருந்து அவர் தயங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

"தெரிஞ்சுது சேர். குளிர்ந்து இருந்து ஓடத் தொடங்கினா அளவு நிக்கிறது இல்லை. அது எனக்கு முதல்லயே தெரியும். கொழும்புல ரெண்டு பேர் அதனாலதான் வேணாம்னாங்க. இங்க யாரும் கண்டுபிடிக்கக்கூடாதுன்னு தினமும் காலையில வெள்ளன வந்து சூடாக்கி வச்சேன். மிஸ் கண்டுபிடிச்சிட்டாங்க. அந்த அஞ்சாவது பீஸ்தான் அதுக்கு அத்தாட்சி. அதால எனக்குத்தான் சேர் நட்டம், வேற யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை."

அதிகாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு முதல் முறையாக மைக்ரோமீட்டரை எடுத்தார். எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

"உங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கு மிஸ்" என்றார். "எனக்கு ஆளோட முகத்தைப் பார்க்கிறதைத் தவிர வேற ஒண்ணும் இல்லை."

அவர் சமிந்தவை ஏன் நம்பினார் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். சிங்களவர் என்பதாலா? அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும், இல்லை என்று நான் உங்களிடம் பூசி மெழுக மாட்டேன். ஆனால் அது மட்டுமில்லை. தன் வாயால் தன் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு ஒருவர் பேசினார். நாங்கள் மூவரும் சொன்னதெல்லாம் எங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னவை. சொல்கிறவருக்கு நட்டம் தரும் பேச்சுக்குக் கனம் அதிகம். விற்பனையாளர் பேச்சை எடைபோடும்போது அன்றிலிருந்து நான் இதைத்தான் பார்க்கிறேன்.

பின்னேரம் செல்வத்தை விட்டார்கள். துண்டுகள் ஆறையும் வைத்துக்கொண்டார்கள். செல்வத்தின் இடது கன்னம் வீங்கியிருந்தது. யார் அடித்தார்கள், அதிகாரிக்குத் தெரியுமா என்று கேட்கும் இடம் அது இல்லை. வேனில் ஏறியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மன்னிச்சிருங்க மிஸ். பிழையாப் போன பீசுதானேன்னு எடுத்துட்டேங்க. கேட்டுட்டு எடுத்திருக்கணும்."

ஹாஜியார் முன்சீட்டிலிருந்து திரும்பி, "பேசாதீங்க மகன், தண்ணியக் குடிங்க" என்றார்.

வழியில் நான் சமிந்தவிடம், ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க மெயின் சுவிட்சைப் பூட்டிட்டுப் போயிட்டீங்களே மிஸ். எனக்குச் செய்ய வேலை இருக்கல" என்றார். சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எனக்கு உண்மையான சோதனை மறுநாள்தான் வந்தது. ஹாஜியார் கதவைச் சாத்திக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"மிஸ், அந்தப் பிள்ள நம்மட ஆளக் காப்பாத்தினவன். மெஷின் திரும்பிப் போனா அவன்ட வேலையும் போகும். ரிப்போட்டக் கொஞ்சம் பார்த்து எழுதுங்க. வார்ம் அப் கொடுத்து ஓட்டினா சரிதானே? நான் வாங்கிப்போடுறேன்."

எனக்கும் அப்படித்தான் ஆசை. மனசாரச் சொல்கிறேன், அந்த மெஷினை நல்லது என்று எழுத என் கை துடித்தது. ஒரு வரியை மாற்றினால் போதும். அது பொய்கூட ஆகாது, கொஞ்சம் சொல்லாமல் விட்டதாகத்தான் ஆகும். சமிந்த செய்ததும் அதுதானே.

சமிந்தவையே கூப்பிட்டு, ஹாஜியார் சொன்னதைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"உள்ளபடி எழுதுங்க மிஸ். மெஷின் கோளாறுன்னு நான் பொலிஸ்ல சொல்லியிருக்கேன். நீங்க நல்ல மெஷின்னு எழுதி, அதை முதலாளியும் வாங்கினா, நான் அங்க சொன்னது பொய்னு ஆகும். அப்புறம் அந்தத் துண்டு என்னன்னு மறுபடி கேப்பாங்க. செல்வத்தைத்தான் மறுபடி கூப்பிடுவாங்க."

உள்ளபடியே எழுதினேன். ஒரே பிடியில் மையம் விலகாமல் நிற்பதில் இதற்கு இணையில்லை என்று முதலில் எழுதினேன், அது உண்மை என்பதால். அடிக்கடி மின்சாரம் நின்று வரும் எங்கள் பட்டறைக்கு இது ஆகாது என்று அடுத்து எழுதினேன். சமிந்த படித்துப் பார்த்துத் தானும் கையெழுத்துப் போட்டார். அந்தக் கிழமையே லொறி வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போனது. கொஞ்ச நாளில் அவர் வேலையும் போனது. குருநாகலில் சொந்தமாக மெஷின் திருத்தும் இடம் போட்டார். அதன் பிறகு நாங்கள் எந்த மெஷினைப் பார்க்கப் போனாலும் கூட வரச்சொல்லி அவரைத்தான் கூப்பிடுவேன். எதை எங்கே மறைப்பார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

மறு வருடம், சண்டை முடிந்த பிறகு, வேறொரு கம்பெனியின் மெஷின் வந்தது. குளிரவைத்து, சூடாக்கி, நடுவில் நிறுத்தி, எல்லாவிதமாகவும் வதைத்துப் பார்த்துவிட்டு வாங்கினோம். அந்தச் சோதனைத் துண்டின் படத்தில் நான் ஒன்றைச் சேர்த்திருந்தேன். பக்கவாட்டில், சோதனைக்கு மட்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மெஷினே பொறிக்க வேண்டும். அளவுக்கு அது தேவையே இல்லை. யாராவது தேவையில்லாத வேலை என்று அதை எடுத்துவிடச் சொன்னால் எடுக்காதீர்கள்.

உங்களிடம் நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். மெஷினைச் சந்தேகப்படுங்கள், அது அளவாகப் பதில் சொல்லும், பதில் கிடைத்ததும் உங்கள் சந்தேகமும் அங்கேயே நிற்கும். மனிதரைச் சந்தேகப்பட்டால் அது எங்கே நிற்கும் என்று நமக்குத் தெரியாது. கேட்டவர் மறந்துபோவார், கேட்கப்பட்டவருக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

செல்வம் திரும்பவும் வேலைக்கு வந்தார். கன்னத்து வீக்கம் வற்றியது. புது மெஷினையும் அவர்தான் ஓட்டினார், முன்னைப்போல நிதானமாக. ஆனால் பொலிஸிலிருந்து வந்த நாள் முதல், வேலை முடிந்து போகுமுன் என் அறை வாசலில் வந்து நிற்பார். பையின் ஜிப்பைத் திறந்து காட்டுவார். சோற்றுப் பெட்டியின் மூடியையும் திறப்பார்.

"வேணாம் செல்வம், போங்க. உங்கள யாரு கேட்டா?" என்பேன்.

"பாத்துருங்க மிஸ்" என்பார்.

பார்க்காமல் தலையாட்டினால் நகரமாட்டார். கழுவிக் கவிழ்த்த பெட்டி, மடித்த தோள்துண்டு, சில நாள் மகளுக்கு வாங்கிய இனிப்பு. நான் ஓய்வுபெற்ற நாள்வரை, ஒவ்வொரு பின்னேரமும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, அந்த வெறும் பெட்டிக்குள் நன்றாகப் பார்த்துவிட்டு, "சரி செல்வம், ஒண்ணும் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்வேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் வீட்டுக்குப் போவார்.